நாற்பதாவது அறையை முடித்தவர்கள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பதினேழு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்த அந்த மனிதர், இணையத்தில் 'மூணாவது கியர்' என்ற பெயரில் பழைய வீடியோ கேம்களை விமர்சித்து எழுதிவந்தார். புதிதாக வந்த எதையும் தொடமாட்டார். முப்பது வருடமாவது ஆகியிருந்தால்தான் அவருக்குக் கோபமே ஒழுங்காக வரும்.

பகலில் மாணவர்களிடம் காட்ட முடியாத கோபம் முழுவதும் அங்கே இறங்கும். ஒரு கால்பந்து கேமின் கோல்கீப்பர், "பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார், பந்து வந்தால் மரியாதையாக வழிவிடுகிறார்" என்று எழுதிப் பத்துக்கு இரண்டு போட்டார். பொத்தானைப் படபடவென்று தட்டினால்தான் ஓடும் தடகள கேமைப் பற்றி, "இதில் தங்கம் வாங்குவது தட்டச்சர்கள் மட்டுமே" என்றார். கார் பந்தய கேம்கள் மீது மட்டும் கொஞ்சமும் இரக்கம் கிடையாது. கண்ணாடி பார்க்காமல் முந்துகிறார்கள், வளைவில் இண்டிகேட்டர் போடுவதில்லை, உருண்டு எரிந்த கார் மூன்று விநாடியில் புதிதாக வந்து நிற்கிறது. உலகமே கொண்டாடிய ஒரு பந்தய கேமுக்கு ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்தார். அதுவும் ஓட்டுநர் சீட் பெல்ட் போட்டிருப்பது போலத் தெரிந்ததால்.

முழுதாகப் பத்து வாங்கியது ஒன்றே ஒன்றுதான்: 'கிடங்கு' என்ற புதிர் கேம். கிடங்குக்குள் ஓர் ஆள் பெட்டிகளைத் தள்ளி, குறியிட்ட கட்டங்களில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மொத்தம் அறுபது அறைகள். "நாற்பதாவது அறையில் பலர் மாட்டிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன்" என்று எழுதினார். "நான் இருநூற்றுப் பன்னிரண்டு நகர்வில் முடித்தேன். குறை கேமில் இல்லை, ஆடுபவரின் பொறுமையில் இருக்கிறது."

அவர் அதை முடிக்கவே இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு கல்லூரி விடுமுறை முழுவதையும் அந்த அறையில் தொலைத்தார். கடைசியில், நாற்பத்தொன்றாவது அறையைத் திறக்கும் ரகசிய எண்ணை ஒரு பத்திரிகையில் பார்த்து, குறுக்கு வழியில் போய்விட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு என்பது எழுதும்போது வாயில் வந்த எண்.

கட்டுரை வந்த இரண்டு நாளில், நாற்பத்தாறு பேர் தாங்களும் முடித்ததாகப் பின்னூட்டம் போட்டார்கள். ஒருவர் நூற்றுத் தொண்ணூற்றெட்டு நகர்வு என்றார். இன்னொருவர் நூற்றுத் தொண்ணூறு, அதுவும் காய்ச்சலில் கிடந்தபோது என்றார். மூணாவது கியர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். இவ்வளவு பேர் முடித்திருக்கும்போது தானும் முடித்துத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கே தோன்ற ஆரம்பித்தது.

அந்த மாதம் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி கார் கற்க வந்தார். கணவருக்குக் கண் மங்கிவிட்டது, இனி தானே ஓட்டியாக வேண்டும் என்றார். மேட்டில் வண்டியை எடுக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் அணைத்துவிடுவார். சந்திப்பில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வண்டியே இல்லை என்றாலும் கிளம்பமாட்டார். ஆனால் இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்தச் சொன்னதும், ஒரே திருப்பில் கோடு போட்டது போல நிறுத்தினார்.

"எப்படி மேடம் இது? பத்து வருஷம் ஓட்டினவங்களே இதுல திணறுவாங்க."

"எல்லாம் கட்டக் கணக்குதான் சார். சின்ன வயசுல பெட்டி தள்ளுற கேம் ஒண்ணு பண்ணோம், நானும் இன்னும் ரெண்டு பேரும். 'கிடங்கு'ன்னு பேரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

மூணாவது கியரின் கால் தன்னையறியாமல், தன் பக்கம் இருந்த பயிற்சியாளர் பிரேக்கை அழுத்தியது. வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது.

"தெரியும் மேடம். நல்லாவே தெரியும். அந்த நாற்பதாவது ரூம்..."

"ஐயோ, அதைக் கேக்காதீங்க!" அவர் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சிரித்தார். "அந்த ரூமை நான்தான் போட்டேன். ஒரு தூணை ஒரு கட்டம் தள்ளி வெச்சிட்டேன். யாராலயும் முடிக்க முடியாது. கண்டுபிடிக்கிறதுக்குள்ள சரக்கு கடைக்குப் போயிடுச்சு. ரகசிய நம்பரைப் பத்திரிகையில போட்டு ஒரு வழியா சமாளிச்சோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட புகார் பண்ணல, தெரியுமா?"

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட. அதுதான் சார் எனக்குப் புரியவே இல்ல."

மூணாவது கியருக்குப் புரிந்தது. இடதுபக்கம் போங்கள் என்று சொல்ல நினைத்து, வலதுபக்கம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துவிட்டு வந்திருந்த அவள், காலை நீட்டி உட்கார்ந்து கேட்டாள்.

"பொய் சொன்னேன்னு எழுதிடுங்களேன். இதுக்கா இப்படி வேர்க்குது?"

"பேரு கெட்டுடும்மா."

"எந்தப் பேரு? மூணாவது கியரா? அது உங்க பேரே இல்லையேங்க."

அன்று இரவே எழுதினார். தான் முடிக்கவில்லை, யாராலும் முடிக்க முடியாது, அறையைப் போட்டவரே தன் வாயால் சொன்னார் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். நாற்பத்தாறு பேரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள் என்று மனசார நம்பினார்.

முதல் பதில் நான்கு நிமிடத்தில் வந்தது: "உங்களால் முடியவில்லை என்றால் உங்களால் முடியவில்லை. எங்களை ஏன் இழுக்கிறீர்கள்?" நூற்றுத் தொண்ணூறுக்காரர், மூணாவது கியருக்கு வயதாகிவிட்டது, இனி ரிவர்ஸ் கியர்தான் என்றார். காய்ச்சல் இல்லாமல் திரும்ப ஆடிப் பார்த்தபோது நூற்று எண்பத்தேழிலேயே முடிந்துவிட்டதாகவும் சொன்னார். இதுவரை வாயே திறக்காத பதினோரு பேர் புதிதாக வந்து, தாங்களும் முடித்தவர்களே என்று பதிவு செய்தார்கள்.

அவர் சொல்லி விஷயம் கேட்ட பெண்மணி சும்மா இருக்கவில்லை. சொந்தப் பெயரில் போய், தூண் எங்கே தவறியது என்று படம் வரைந்து போட்டார். பொறுமையாகப் பயிற்சி செய்தால் அவருக்கும் ஒருநாள் கைகூடும் என்று ஒருவர் ஆறுதல் சொன்னார். கேம் பண்ணுவது வேறு, ஆடுவது வேறு என்றார் இன்னொருவர். படத்தில் தூணை வரைந்த விதமே தப்பு என்றார் மூன்றாமவர்.

"என் ரூமுக்கே என்னை வழி கேக்கச் சொல்றாங்க சார்," என்று அடுத்த வகுப்பில் சொல்லிச் சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் முதல்முறையாக மேட்டில் வண்டி அணையாமல் ஏறியது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குப் பின் பெண்மணி ஒரு சின்ன பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். தூணை ஒரு கட்டம் நகர்த்தியிருக்கிறேன், ஐந்து நிமிட வேலைதான், முப்பது வருடமாகச் செய்யவில்லை என்றார்.

மூணாவது கியர் ஆடினார். முதல் நாள் ஒரு பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது. நான்காம் நாள் இரண்டு மாட்டின. பெண்மணி தூணைச் சரியாகத்தான் நகர்த்தினாரா என்று சந்தேகம்கூட வந்தது. ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசிப் பெட்டி சத்தமில்லாமல் தன் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அவர் எழுந்து நின்றார். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் மனைவி கடையில் இருந்தாள். கணினியில் எழுதலாம் என்று கை போனது. எழுதினால் ஐம்பத்தெட்டாவது ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். பெண்மணிக்குப் போன் போட்டார்.

"முடிச்சிட்டேன் மேடம்! நாற்பதாவது ரூம்!"

"அப்படியா? சந்தோஷம் சார். வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட்டு. அந்தச் சந்திப்புல எப்பத்தான் கிளம்பணும், அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன். ராத்திரி பகலா அதே நெனப்பு."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாளை எடுத்துச் சந்திப்பை வரைந்துகொண்டே, முதலில் வலதுபக்கம் பார்ப்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.