குழந்தை என்பதற்கு அத்தாட்சி

மகள் தியா தினமும் அம்மாவின் போனில் பேசும் ஏஐ செயலியில் அவள் வயது இருபத்தொன்று என்றிருப்பதை வைஷ்ணவி அன்றுதான் பார்த்தாள். தியாவுக்குப் பதினொன்று. கணக்கை நீக்கச் செயலியில் வழியில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் தான் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்தே செயலியின் உதவி எண்ணை அழைத்தாள்.

"குழந்தைன்னு ப்ரூஃப் வேணும் மேடம். பர்த் சர்டிஃபிகேட்டும் பொண்ணோட போட்டோவும் அனுப்புங்க."

"சேரும்போது எதுவும் கேக்கலையே?"

"அப்ப வயசை அவங்களே போட்டாங்க மேடம்."

"இருக்கற தகவலை அழிங்கன்னா, இன்னும் தகவல் கேக்கறீங்களே."

மூன்றாவது முறை அழைத்தபோதும் அதே பதில்தான். அலுத்துப்போய் வீடு திரும்பியவள், மகளை அருகில் வைத்துக்கொண்டு உரையாடல்களைத் தானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, இதை மட்டும் படிக்காதம்மா," என்றாள் தியா.

வைஷ்ணவிக்குச் சுருக்கென்றது. "நீயே அழிடி" என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.