துருத்தித் தோல்

பழைய குழாய் ஆர்கனின் துருத்தியை மூன்று பேர் சேர்ந்து மாடியிலிருந்து இறக்கிக் கோயில் முற்றத்து வெயிலில் வைத்தபோது, தன் மடியிலிருந்து எதையோ தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது செபாஸ்தியம்மாள் டீச்சருக்கு. முப்பத்திரண்டு வருடம் அவள் வாசித்த ஆர்கன். அதன் இடத்தில், காற்றே வேண்டாத மின் ஆர்கன் ஒன்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பங்குச் சாமியாருக்குப் பரம திருப்தி.

துருத்தித் தோலை உரித்துக்கொள்ள அக்பர் அலியை வரச்சொல்லியிருந்தார்கள். பேகம்பூரில் தோல் கடை வைத்திருப்பவர். காற்று கசிந்தால் ஒட்டுப்போட அவர்தான் வருவார். பதினோரு வருடமாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்கு முன்னால் தவறாமல் கசியும். பசை காயும்வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். நத்தம் மாங்காய் விளைச்சல், மனைவி போனபின் அவரே வைக்கும் உப்புச்சப்பில்லாத குழம்பு, எல்லாம் பேச்சில் வரும். அவள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று மட்டும் அவர் கேட்டதில்லை. அந்த ஒரு பிற்பகலை நினைத்தே அவளுக்கு மற்ற மாதங்கள் நகர்ந்தன.

இப்போது அவர் குந்தி உட்கார்ந்து ஒட்டுகளைப் பிரித்தார். தோலை வெயிலுக்கு நேரே பிடித்தார். பொட்டுப் பொட்டாய் வெளிச்சம் விழுந்தது.

"தோலு நைஞ்சு கிழிஞ்சா வாயப் பொளக்கும் டீச்சர். இது ஊக்குல குத்துனது. பதினோரு ஒட்டு, பதினோரு ஓட்டை."

அவளுக்குக் காதுமடல் சுட்டது.

"எப்பத் தெரியும் பாய்?"

"மொத வருசமே."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா அடுத்த வருசம் குத்த மாட்டீகளே."

தோலைச் சுருட்டிக்கொண்டு, புதுசைப் பார்க்கலாமா என்று கேட்டு மாடி ஏறினார். அவளும் கூடவே ஏறினாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தோலென்று ஒரு துண்டு அதில் இல்லை. அவள் உட்கார்ந்து வாசிக்கும் பழைய முக்காலி மட்டும் அங்கேயே இருந்தது. அதன் இருக்கையை அமுக்கிப் பார்த்தார்.

"நான் போட்ட தோலுதான். இன்னும் இருவது வருசத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். பிறகு படியிறங்கிப் போனார்.

அவள் உட்கார்ந்து புதுக் கட்டைகளில் விரல் வைத்தாள். துருத்தி நிறையட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தாள். நிறைவதற்கு எதுவும் இல்லை. எழுந்து ஜன்னல் வழியே பார்த்தாள். தோல் சுருளை வண்டியில் கட்டிவிட்டும் அவர் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊக்கைக் கழற்றினாள். முந்தானை சரிந்தது. முக்காலித் தோலின் மேல் ஊக்கின் முனை, இன்னும் அழுத்தாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.