போட்டியாளருக்கு அனுமதி இல்லை

எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலர் ஒன்றைக் கட்டுவதற்குள் சோடாபுட்டிக்குத் தலை நரைத்துவிட்டது. முதலில், காசு கொடுத்து வாங்கிய கம்பைலரை வைத்துத்தான் கட்டினார். வேலை முக்கால்வாசி முடிந்த பிறகு கம்பெனி வக்கீலம்மா அதன் உரிமத்தைச் சாவகாசமாகப் படித்தார். இதைக் கொண்டு இதற்குப் போட்டியாக எதையும் கட்டக் கூடாதாம். எல்லாவற்றையும் கலைத்து, இலவசமாகக் கிடைத்த ஒன்றை வைத்து ஆரம்பத்திலிருந்து கட்டினார்.

இன்று வெளியீடு. நாளை முதல் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். அவள் நம்பியதுபோல் தலையாட்டியிருந்தாள்.

மேடையில் முதலாளி கண் கலங்கினார். "அடிமை விலங்கை உடைச்சிட்டோம்." பின்னால் பேனர்: 'தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் கம்பைலர்.'

கீழே இறங்கியதும் வக்கீலம்மா புதுக் கம்பைலரின் உரிமத்தை நீட்டினார். "நீங்க சொன்னபடியே சார். அந்த முதல் கம்பைலர்காரங்க போட்ட விலங்கு அப்படியே இருக்கு. கொஞ்சம் கனமா."

சோடாபுட்டி எட்டிப் பார்த்தார். "மேடம், அடுத்த பதிப்பை இதை வெச்சுத்தான் கட்டணும். பேனர்லயே இருக்கே."

"அப்போ அது இதுக்குப் போட்டிதானே?"

"நம்ம பொருள்தானே மேடம்."

வக்கீலம்மா முதலாளியைப் பார்த்தார். முதலாளி கையிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தார். வரிக்குப் பயந்து உரிமை முழுவதையும் மச்சான் கம்பெனியின் பேரில் எழுதிவைத்தது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

மச்சானுக்குப் போன் போனது. "என் வக்கீலைக் கேக்காம நான் எதுவும் சொல்றதில்ல மாமா."

"யாருய்யா உன் வக்கீல்?"

வக்கீலம்மா தொண்டையைச் செருமினார். "நான்தான் சார். அவரோட வக்கீலா சொல்றேன், குடுக்கக் கூடாது."

"என்னோட வக்கீலா?"

"கேட்டுப் பாருங்கன்னு சொல்வேன்."

முதலாளி பூங்கொத்தைச் சோடாபுட்டியின் கையில் திணித்தார். "அந்த இலவசத்தை வெச்சே அடுத்ததையும் கட்டிடுய்யா. உனக்குத்தான் பழக்கம் இருக்கே."

அடுத்த பதிப்புக்காகப் புதுக் கம்பைலரின் மொழியிலேயே எழுதியதை எல்லாம் இனி இலவசக் கம்பைலருக்குப் புரியும் பழைய மொழிக்கு மாற்றவேண்டும். அவர் பூங்கொத்தை மேஜையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா?"

"கிளம்பத்தான் இருந்தேன்."

"சரி. சாவி வழக்கமான இடத்துல இருக்கும்."