நெஞ்சைத் தட்டுகிறவன்

ஆகஸ்ட் கடைசி வாரம் வந்தால், அமெரிக்கக் கால்பந்து அணி நடத்துகிற எங்கள் தொழிலில் யாருக்கும் சோறு இறங்காது. கோடை முழுக்கத் தொண்ணூறு பேரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யார் இருப்பது, யார் போவது என்று பேசும்போது என்னையும் கூப்பிடுவார்கள். பந்தைப் பிடிக்கிறவர்களுக்கு நான்தான் கோச். ரிசீவர்கள் என்று நாங்கள் சொல்லும் அந்த ஆட்கள் ஓடுவதைப் பார்த்துப் பார்த்தே என் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஓடியது அவர்கள், வலி எனக்கு.

இந்த வருஷம் பிடிக்கிறவர்களில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அதற்கு நான் மனசில் வைத்திருந்தது ஜமாரி ரஃபினை. இரண்டாம் வருஷ ஆட்டக்காரன், மிசிசிப்பிப் பக்கம். சிரித்தால் மேல் ஈறு முழுக்கத் தெரியும். போன வருஷம் எழுபத்தெட்டு முறை அவனை நோக்கிப் பந்து போனது, நாற்பத்து நான்கு முறை கையில் சேர்ந்தது. சுமாரான கணக்குதான், நான் மறைக்கவில்லை. எதிராளி ஆரம்பத்திலேயே மார்பில் கை வைத்துத் தள்ளினால் தடுமாறுவான். கூட ஆடுகிறவனுக்காக ஆளை மறிக்கச் சொன்னால் சோம்பல்படுவான். இதெல்லாம் ஒரு குளிர்காலம் எடை தூக்கினால் சரியாகிவிடும். ஆனால் அவன் கை இருக்கிறதே, அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. விழப்போகிற குழந்தையைத் தாங்குவது போல அவன் பந்தை வாங்குவான்.

அவனுக்கு வினை வேறு இடத்தில் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் ஒரு ஓட்டம் உண்டு. பிடிக்கிறவன் பத்து கஜம் நேராக ஓடுவான். எதிராளி தள்ளி நின்று காவல் காத்தால், சட்டென்று நின்று திரும்ப வேண்டும். ஒட்டிக்கொண்டே வந்தால், நிற்காமல் ஓட வேண்டும். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் அந்த நொடியில் அதையே பார்த்து, அதையே முடிவு செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் தப்பாகப் பார்த்தாலும் பந்து ஆளில்லாத புல்லில் போய் விழும். பார்க்கிற அறுபதாயிரம் பேருக்கும் பிடிக்கிறவன்தான் எங்கோ போய்விட்டான் என்று தோன்றும்.

ஒவ்வொரு முறை அப்படி ஆனதும் ஜமாரி எறிந்தவனைப் பார்த்துத் தன் நெஞ்சை இரண்டு தட்டுத் தட்டுவான். என் தப்பு என்று அர்த்தம். எங்கள் ஆட்களிடையே இது வழக்கம், மரியாதைதான். ஆனால் நாங்கள் பார்க்கும் வீடியோ உயரத்திலிருந்து எடுத்தது, அதில் சத்தம் கிடையாது. யார் என்ன கத்தினார்கள் என்று தெரியாது. தட்டுகிற கை மட்டும் நன்றாகத் தெரியும். மதிப்பெண் போடுகிறவர்கள் அதைப் பார்த்து அவன் கணக்கில் ஒரு கழித்தல் குறி போட்டுக்கொண்டே வந்தார்கள்.

நான் கோடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தேன். ஒன்பது தப்பில் ஏழு எங்கள் குவார்ட்டர்பேக் வெஸ்டனுடையது. அலுத்துப் போய் ஜமாரியைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிடித்தேன். தட்டு நிறைய முட்டைக்கோசும் கோழியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா தட்டுற? உன் தப்பு இல்லன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் கோச்."

"அப்புறம்?"

"ஸ்கூல்ல எங்கண்ணன்தான் எறிவான். அவன் தப்பா எறிஞ்சா வீடு போற வரைக்கும் கார்ல அப்பா அவனப் பிச்சு எடுத்துருவாரு. நான் தட்டிட்டேன்னா திட்டு எனக்கு. எனக்கு அது உறைக்கவே உறைக்காது கோச். ஜன்னல் வழியா வேடிக்க பாத்துட்டு வருவேன்."

"இங்க உங்கப்பாவும் இல்ல, காரும் இல்ல. உன் வேல போயிரும், தெரியுதா?"

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "தட்டாம இருந்தா கைய என்ன பண்றது?"

"பின்னால கட்டிக்கோ. இடுப்புல வச்சுக்கோ. எனக்கென்ன வந்துச்சு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் இல்லை. இந்த வயதில் இன்னொரு பையனுக்காக ஒரு அறையில் போய் வாதாட வேண்டுமே என்ற கோபம். இருபத்தெட்டு வருஷமாக இதையே செய்துகொண்டிருக்கிறேன். ஒன்பது ஊர் மாறியாயிற்று. எந்த ஊரிலும் என் மனைவி டெல்ஃபீன் சுவரில் ஆணி அடித்ததில்லை, எப்படியும் பெட்டி கட்டத்தானே போகிறோம் என்பாள். இந்த ஊரில்தான் போன வசந்தத்தில் சுத்தியலை எடுத்து, கல்யாணப் படத்தைக் கூடத்தில் மாட்டினாள். என் ஒப்பந்தம் இந்த வருஷத்தோடு முடிகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் மாட்டினாள்.

கூட்டத்தில் நாங்கள் மூன்று பேர். தலைமைக் கோச் க்ரூசிக், ஆட்களை எடுப்பதும் அனுப்புவதுமான மேலாளர் ஃபெல்ப்ஸ், நான். ஃபெல்ப்ஸ் திரையில் ஜமாரியை ஓடவிட்டார். நின்றான், திரும்பினான், பந்து அவனைத் தாண்டிப் போனது, நெஞ்சைத் தட்டினான்.

"இது ஒண்ணு," என்றார் ஃபெல்ப்ஸ். "இதே மாதிரி இன்னும் எட்டு. நான் எதுவும் கண்டுபிடிக்கல லோனி. அவனே ஒத்துக்கறான்."

"அந்தக் காவல்காரன் எங்க நிக்கிறான் பாருங்க. ஆறு கஜம் தள்ளி. பையன் நின்னது சரி. எறிஞ்சவன்தான் அவன் ஓடுவான்னு நெனச்சிருக்கான்."

"எல்லாத்துலயுமா?"

"ஒன்பதுல ஏழு."

ஃபெல்ப்ஸ் க்ரூசிக்கைப் பார்த்தார். வெஸ்டனுக்கு இந்த அணி நீண்ட ஒப்பந்தம் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் முகம் போட்ட பதாகை அந்த அறையின் ஜன்னல் வழியாகவே தெரிந்தது. நகரப் பேருந்துகளிலும் அவன் முகம்தான்.

க்ரூசிக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். நல்ல மனிதர், என்னைவிடக் களைத்தவர். "லோனி, நீ சொல்றது சரின்னே வச்சுக்குவோம். நான் மாடிக்குப் போய் முதலாளிகிட்ட என்னன்னு சொல்றது? நேத்து கையெழுத்துப் போட்டு வாங்கின ஆளுக்கு ஆறு கஜம் கண்ணு தெரியலன்னா?"

"அது வேண்டாம்."

"அப்புறம் ஏழு தப்ப யார் கணக்குல எழுதறது? எங்கயாவது எழுதியாகணுமே," என்றார் ஃபெல்ப்ஸ். அவர் கேலி செய்யவில்லை. அவருடைய வேலை அது.

திரையில் ஜமாரி அசையாமல் நின்றிருந்தான், கை நெஞ்சில் இருந்தபடி. நான் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். எனக்கு ரொம்பச் சோர்வாக இருந்தது. வாதாடி ஜெயிக்கிற வாதம் இல்லை இது என்று தெரிந்துவிட்டது.

"என் கணக்குல எழுதுங்க," என்றேன். "அந்த ஓட்டத்த நான்தான் அவனுக்குத் தப்பா சொல்லிக்குடுத்தேன். நான் சொன்னத அவன் அப்படியே செஞ்சான். வெஸ்டன் சரியாத்தான் எறிஞ்சான்."

க்ரூசிக் என்னை நிமிர்ந்து பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும். அந்த ஓட்டத்தை எனக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர், பல வருஷத்துக்கு முன்னால், வேறொரு ஊரில்.

"உன் ஒப்பந்தம் எப்ப முடியுதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எழுதினா எழுதினதுதான் லோனி. ஜனவரில முதலாளி அதத்தான் படிப்பாரு."

"எழுதச் சொல்லுங்க."

ஃபெல்ப்ஸ் எழுதிக்கொண்டார். ஜமாரிக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போய் டெல்ஃபீனிடம் சொன்னேன். அவள் சுவரில் இருந்த படத்தைக் கொஞ்சம் நேராக்கினாள். கழற்றவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் மதியப் பயிற்சியில் வெயில் மண்டையைப் பிளந்தது. வெஸ்டன் அதே ஓட்டத்தை ஓடச் சொன்னான். காவல்காரன் தள்ளி நின்றான். ஜமாரி பத்து கஜம் ஓடி, அழகாக நின்று திரும்பினான். பந்து அவன் தலைக்கு மேலே போய்ப் புல்லில் விழுந்து உருண்டது.

எல்லாரும் ஜமாரியைப் பார்த்தார்கள். அவன் கை பாதி தூரம் மேலே வந்தது. பிறகு என்னைப் பார்த்தான். நான் சொன்னபடியே கையை இறக்கி முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்திய பையன் மாதிரி இருந்தது.

வெஸ்டன் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தான். யாராவது தட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஓட்டத்துக்குப் போகமாட்டான். அவன் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை, அப்படித்தான் நாங்கள் அவனைப் பழக்கி வைத்திருக்கிறோம். கோட்டுக்கு வெளியே, முதலாளியின் பக்கத்தில் நின்றிருந்த க்ரூசிக் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் நெஞ்சை இரண்டு தட்டுத் தட்டினேன்.

வெஸ்டன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான். முதலாளி க்ரூசிக்கிடம் குனிந்து ஏதோ கேட்டார். ஆட்டம் தொடர்ந்தது. ஜமாரி மட்டும் வரிசைக்குத் திரும்பாமல் என்னிடம் ஓடி வந்து நின்றான்.

"கோச், அது உங்க தப்பு இல்லயே."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

அவன் கை இன்னும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. அந்தக் கையில் ஒரு பந்தைத் திணித்தேன்.

"எனக்கும் திட்டு உறைக்காதுடா. போ, உன் முறை வருது."