மாடி ஜன்னல்

இரும்பு அறுபடும் சத்தம் வெல்டருக்குப் புதிதல்ல. ஆனால் அன்று காலை அது தன் பட்டறையிலிருந்து வராமல் தெருவிலிருந்து வந்ததால் எழுந்து வெளியே போனார். மருந்துக்கடைக்காரர் வீட்டில் முன்பின் தெரியாத ஒருவன் ஏணி போட்டு நின்று, இருபது வருஷத்துக்கு முன் வெல்டரே அளவெடுத்துப் பொருத்திய ஜன்னல் கம்பிகளை மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தான். கீழே, கையில் பட்டியலோடு வெல்டரின் தங்கை.

தெருச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. நூறு வருஷத்து வீடுகள், இடிந்து விழுவதற்குள் நாமே சேர்ந்து சரிசெய்வோம் என்று வீடு வீடாகப் படியேறி இறங்கிப் பேசி, சாக்கடையைத் தூர்வாரவைத்து, உதிர்ந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசவைத்தவள். அதுவரை வெல்டருக்கும் பெருமைதான். கம்பிகளை எடுத்தால்தான் பழைய மரஜன்னல்களின் அழகு தெரியும் என்று கூட்டத்தில் முடிவானதை மட்டும் யாரும் அவர் காதில் போடவில்லை.

அவர் கம்பி போட்டது, வீட்டுக்கு வீடு திருட்டு நடந்த வருஷத்தில். அன்றைக்கு யார் யார் தன் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டினார். மருந்துக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் தங்கையிடம்.

"சொன்னா விட்டிருப்பியா? தெருவையே ஜெயிலாக்கி வச்சவன் நீ."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. தன் வீட்டுக் கம்பியில் எவன் கை வைக்கிறான் பார்க்கலாம் என்று கத்தினார். அவள் பட்டியலைப் புரட்டினாள்.

"கீழ்வீடுதான் உன்னுது. மாடி என் பேர்ல இருக்கு."

அப்பா பிரித்துக் கொடுத்த பாகம். இத்தனை வருஷத்தில் அவள் வாய் திறந்து அதைச் சொன்னதில்லை.

மத்தியானம் ஏணி அவர் சுவரில் சாய்ந்தது. உள்ளே வரச் சொல்லி மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டு, மாடி ஜன்னலுக்கு நேர் கீழே போய் நின்றார். தீப்பொறி சட்டையில் விழுந்தது. மூன்று மூலையை அறுத்துவிட்டு மெஷின்காரன் நிறுத்தினான். அவர் நகர்ந்தால்தான் மிச்சத்தை அறுக்க முடியும் என்றான்.

மாடிக்கு ஏறிப்போயிருந்த தங்கை கம்பிகளின் வழியே கீழே பார்த்தாள். "தள்ளி நில்லுண்ணே. விழுந்தா தலை போயிடும்."

"போகட்டும். அதையும் பட்டியல்ல எழுதிக்கோ."

மெஷின்காரன் இது தனக்கு ஆகாது என்று முனகிக்கொண்டே இறங்கி, ஏணியை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டான். ஒற்றை மூலையில் தொங்கிய கம்பிச்சட்டம் மெல்ல வெளிப்பக்கம் சாய்ந்தது. உள்ளிருந்து இரண்டு கைகள் பாய்ந்து அதைப் பற்றின. வளையல்கள் இரும்பில் மோதி நெரிந்தன. விரல்கள் வெளுத்தன.

துருத்தூள் உதிர்ந்து கண்ணில் விழுந்தது. அவர் கண்ணைத் துடைக்கவுமில்லை, நகரவுமில்லை. மேலே அவள் பிடித்திருந்தாள்.