பரிசலில் ஏறிய கற்கள்

கடத்தூர் ரைஸ்மில் முதலாளி தீர்த்தகிரி, ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் முழுவதற்கும் காசு கொடுத்தார். எட்டுப் பேர் ஏறுகிற பரிசல். அவரும் மனைவி ஜானகியம்மாளும் மட்டும் போவதற்கு.

செலவழிப்பதில் அவர் குறை வைப்பவர் அல்ல. புது ஃபிரிட்ஜ் வாங்கி, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கூடத்தில் வைத்தவர். சாவி மட்டும் அவர் இடுப்பில் இருக்கும். ஒரு தடவையாவது பரிசலில் போகவேண்டும் என்பது ஜானகியம்மாளுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே ஆசை. அதையும் இந்த மாதிரிதான் நிறைவேற்ற வந்திருந்தார்.

கரையில் அமீருன்னிசா தன் இரண்டு பெண் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்தவள். தங்கள் பங்குக் காசு கையில் இருந்தது. பரிசல் நிறைய ஆள்தான் சேரவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அவங்களயும் ஏத்திக்கலாங்க. எடந்தான் கெடக்குதே," என்றாள் ஜானகியம்மாள்.

"கண்டவங்களோட முட்டி இடிச்சிக்கிட்டு உக்கார நான் என்ன டவுன் பஸ்லயா வந்தேன்? முழுசுக்கும் காசு குடுத்திருக்கேன். பேசாம உக்காரு."

அவர் உட்கார்ந்ததும் பரிசல் அவர் பக்கமாகச் சாய்ந்தது. பரிசல்காரர் மாது தலையைச் சொறிந்தார்.

"ஆளு பத்தலீங்க மொதலாளி. எதிர்ப்பக்கம் கனம் வேணும். கல்லு வெச்சிக்கலாங்களா?"

"வையி. கல்லுன்னா தொணதொணன்னு பேசாது."

மாது கரைக் கற்களைச் சுமந்து வந்து அடுக்கினார். பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தார்கள்.

இப்படியும் ஒரு பெருமை உலகத்தில் உண்டு. குழந்தைக்கு இல்லாத இடம் அங்கே கல்லுக்குக் கிடைக்கும். ஆண்டவன் காவிரியை யாரிடமும் காசு வாங்கிக்கொண்டு விடவில்லை. அதில் மிதக்கும் மூங்கில் கூடையில் ஏறியவருக்குத்தான் இத்தனை மிடுக்கு.

ஜானகியம்மாள் எழுந்து கரையில் இறங்கினாள்.

"எங்கடி போற?"

"என் எடத்துலயும் ஒரு கல்லு வெச்சிக்குங்க."

பால் விற்ற காசு முந்தானையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்து, பக்கத்துப் பரிசல்காரர் ஆண்டியிடம் கொடுத்தாள். "கொறையற ஆளுக்கெல்லாம் இதுல எடுத்துக்க. நீ வாம்மா, பிள்ளைங்கள ஏத்து."

மீன் வறுத்துக்கொண்டிருந்த செல்லி எட்டிப் பார்த்தாள். "இத்தன வருசமா இங்கியே மீன் வறுக்கறேன், ஒருநா ஏறுனதில்ல. நானும் வரட்டுங்களாக்கா?"

"வா. அடுப்பு எங்கியும் ஓடிப்போவாது."

நடு ஆற்றில் ஆண்டி துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுற்றிவிட்டார். பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். செல்லி அமீருன்னிசாவைக் கட்டிக்கொண்டாள். ஜானகியம்மாள் முகமெல்லாம் நனைந்து சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து அவள் புருஷனே பார்த்ததில்லை.

இந்தப் பக்கம் கற்களோடு மிதந்த பரிசலில் தீர்த்தகிரி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாது, எனக்கும் அப்டி ஒரு சுத்து சுத்திவுடு."

"முடியாதுங்க மொதலாளி," என்றார் மாது. "அவங்க ஒருத்தர ஒருத்தர் புடிச்சிக்குவாங்க. கல்லு உருண்டுடும்."