ரிவால்வருக்குச் சந்தனக் காப்பு

ரிவால்வருக்கு யாராவது சந்தனம் பூசுவார்களா? பத்மநாபன் பூசினார். எண்ணெய்க் கம்பெனியில் பெரிய இன்ஜினியர், குழாய்க்குள் ஒரு துரும்பு கிடந்தால்கூட ஊரைக் கூட்டுகிற மனுஷர். அவர்தான் ஆயுத பூஜையன்று பெண்டாட்டியின் புது ரிவால்வரைப் பெட்டியிலிருந்து எடுத்து, சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, கார் சாவிக்கும் கம்ப்யூட்டர் கீபோர்டுக்கும் நடுவில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சாத்திவிட்டார். நாகலக்ஷ்மி கடையிலிருந்து வருவதற்குள் கற்பூரமும் காட்டியாயிற்று.

"என்னங்க இது அநியாயம்? நாளைக்குக் காலையில எனக்கு லைசென்ஸ் டெஸ்ட்!"

"தெரியுமே, அதான் வெச்சேன். சாமி துணை இருக்கட்டும்."

"எடுத்துக் கொடுங்க, க்ளீன் பண்ணணும்."

"பூஜையில வெச்சத இன்னைக்குத் தொடக் கூடாது நாகு. நாளைக்குப் புனர்பூஜை பண்ணிட்டு எடுத்துக்கோ. உனக்குத் தெரியாததா?"

தெரியும். பிறந்த வீட்டில் அன்றைக்குப் புத்தகத்தைக்கூடத் தொடவிடமாட்டார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் கேட்டி ஊர் முடிகிற இடத்தில், ஃப்ரீவேயை ஒட்டி, பெட்ரோல் போடுகிற கேஸ் ஸ்டேஷனோடு சேர்ந்த கடை அவளுடையது. அங்கே காபி போடுவதிலிருந்து ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டுவதுவரை அவள்தான். அந்த வருஷம் மார்ச்சில் பூட்டிவிட்டுக் காருக்கு நடந்தபோது ஒருத்தன் பின்னாலிருந்து கழுத்தில் துப்பாக்கியை வைத்து, கைப்பையையும் தாலிக்கொடியையும் பிடுங்கிக்கொண்டு போனான். ஹூஸ்டன் தமிழர்கள் அத்தனை பேரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். எல்லார் வாயிலும் ஒரே புத்திமதிதான்: "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தத் தொழில்?" பத்மநாபன் ஒரு படி மேலே போய், கடையை விற்க ஆளே பார்த்துவிட்டார்.

துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக டெக்சஸ் லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்த வருஷம் அது. "டெஸ்ட்ல பாஸ் ஆனா கடை எனக்கு. ஃபெயில் ஆனா வித்துக்கோங்க" என்றாள் நாகலக்ஷ்மி. சரி என்றார். எங்கே பாஸாகப் போகிறாள் என்ற தைரியம்தான்.

அவள் சும்மா இருக்கவில்லை. புது ரிவால்வர் என்பது புதுச் செருப்பு மாதிரி, கடிக்கும். விசையை இழுக்க இழுக்கக் கல்லாக இருந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, குண்டில்லாத ரிவால்வரில் பொய்த் தோட்டாவைப் போட்டு, சுவரைப் பார்த்து இழுத்து இழுத்தே அதன் முரட்டுத்தனத்தைக் குறைத்தாள். ஞாயிறானால் சுட்டுப் பழக ஷூட்டிங் ரேஞ்ச். முதலில் எல்லாம் இடது பக்கம் கீழேதான் போய் விழுந்தது. ரேஞ்ச்காரர் டுவைட், "துப்பாக்கி சரியாத்தான் இருக்கு. சத்தத்துக்கு முன்னாடியே நீங்க பயப்படுறீங்க" என்றார். நிஜம்தான், விசையை இழுக்கும்போது கண்ணை மூடியிருக்கிறாள்! பிடி தடிமனாக இருக்கிறதென்று சின்னப் பிடி மாற்றினாள். முன்பக்கக் குறிமுனை கறுப்பாக இருந்து கண்ணுக்குத் தெரியவில்லை, மகள் யாமினியின் சிவப்பு நெயில் பாலிஷைத் தடவினாள். நாலைந்து பிராண்ட் குண்டு மாற்றிப் பார்த்து, கொஞ்சம் கனமான குண்டு போட்டால் ஓட்டைகள் ஒரே இடத்தில் சேர்வதைக் கண்டுபிடித்தாள். செப்டம்பரில் அவள் சுட்ட காகிதத்தை டுவைட் கழற்றி மற்றவர்களுக்குக் காட்டினார்.

அப்பேர்ப்பட்ட ரிவால்வரில்தான் சந்தனம்!

விடிந்ததும் புனர்பூஜை முடித்துக் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் துடைத்தாள். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், சுத்தம். நேரமாகிவிட்டது, ஓடினாள். ரேஞ்சில் வரிசையில் நின்று குண்டு போட்டு மூடினால், குண்டு உட்காரும் உருளை சுற்றமாட்டேன் என்கிறது. குண்டைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சந்தனம் சிமென்ட்டாகக் காய்ந்து கிடந்தது. மனுஷர் ஆறு குழிக்கும் ஆறு பொட்டு வைத்திருக்கிறார்! அத்தனை பக்தி.

"இது என்ன மஞ்சளா?" என்று டுவைட் முகர்ந்து பார்த்தார்.

"என் புருஷன்" என்றாள் நாகலக்ஷ்மி. வந்த ஆத்திரத்தில் அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

டுவைட் வேறு துப்பாக்கி தருகிறேன் என்றார். வேண்டாமென்று தலையாட்டினாள். கடைசிக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷும் எண்ணெயும் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து சுரண்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, கோபம். மாதக்கணக்காகப் பாடுபட்டதை ஒரு ஸ்பூன் சந்தனம் தூக்கிச் சாப்பிடுவதா? உருளை கடைசியில் 'கிர்ர்' என்று சுற்றியது. போய் நின்றாள். கண்ணை மூடவே இல்லை. பாஸ்.

சனிக்கிழமை பத்மநாபனின் ஆபீஸ் சிநேகிதர் கஸ்தூரிரங்கன் குடும்பம் சாப்பிட வந்தது. இலை போட்டு உட்கார்ந்ததும் பத்மநாபன் ஆரம்பித்தார்: "எல்லாம் பூஜை மகிமை சார். நான் மட்டும் சந்தனம் வெக்கலேன்னா இவ பாஸ் ஆகியிருப்பாளா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரசம் விட வந்த நாகலக்ஷ்மி கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"அவ்வளவு சக்தியாங்க உங்க சந்தனத்துக்கு?"

"பின்னே? சாமி துணை."

"அப்போ நல்லதாப் போச்சு. சாமி உங்க கூடவே இருக்காரு. திங்கக்கிழமையில இருந்து ராத்திரி கடையை நீங்க பூட்டுங்க. பார்க்கிங் லாட்ல கார் வரைக்கும் நடக்கணும், அவ்வளவுதான். துப்பாக்கியும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்."

பத்மநாபன் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்தார்.

"நானா? தனியாவா?"

கஸ்தூரிரங்கன் இலையைப் பார்த்தார். அவர் மனைவி நாகலக்ஷ்மியைப் பார்த்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. தான் என்ன கேட்டோம் என்று பத்மநாபனுக்கும் அப்போதுதான் உறைத்தது. காது சிவந்துபோனார்.

"ஆமாங்க" என்றாள் நாகலக்ஷ்மி. "தனியாத்தான்."